காதர் பாய்க்காக விட்டுவைத்த சத்தம்

எக்ஸாஸ்ட் பிரேக் சிக்கிக்கொண்டால் என்ன எண்ணெய் விட வேண்டும் என்று போன வாரம், இப்போது நீங்கள் நடத்தும் என் பழைய பட்டறைக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கிழவனுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான், ஆனால் உங்கள் மேல் இல்லை. அதே கேள்விக்கு ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

உட்கார்ந்து எழுதுகிறேன் என்றும் சொல்ல முடியாது. இதற்குள்ளேயே இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்வந்தாயிற்று. பைபாஸில் ஏதாவது ஒரு லாரி வேகம் குறைத்தால் என் காது அங்கே போய்விடும். இஞ்சின் சத்தம் கனத்ததா, வெறுமனே இறங்கியதா என்று தெரிகிறவரை கை ஓடாது. "பட்டறையிலருந்துதான் ரிட்டயர் ஆனீங்க, உங்க காது ஆகல" என்கிறாள் வீட்டுக்காரி.

லாரி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. எக்ஸாஸ்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் அல்ல. புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. டிரைவர் காலடியில் உள்ள பித்தானை மிதித்தால் காற்று ஒரு சின்ன சிலிண்டருக்குள் போகும். அதன் தண்டு வெளியே வந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும், தட்டு திரும்பிக் குழாயை அடைக்கும். புகை போக வழியில்லாமல் இஞ்சின் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் சக்கர பிரேக்கைச் சூடேறாமல் காப்பது இதுதான். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. நம் ஊர் வண்டிகளோ காலையில் கரூர் ரோட்டில் ஓடும், மத்தியானம் சிறுமலையில் நிற்கும். மறக்கவும் முடியாது, நினைத்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி. தாடிக்கொம்பு ரோட்டில் பட்டறை வைத்திருந்தேன். ஒரு லாரி ஷெட்டின் வண்டிகள் முழுக்க என்னிடம்தான் வரும். அதில் ஒன்றை ஓட்டியவர் காதர் பாய். நல்ல உயரம், நிதானமான ஆள், வண்டிக்குள் செருப்புப் போட மாட்டார். வண்டியை எடுக்கும் முன் பிஸ்மி சொல்லிவிட்டு, குதிகாலால் அந்தப் பித்தானை ஒரு முறை மிதிப்பார். 'புஸ்' என்று காற்றுச் சத்தம் வரும். தலையை ஆட்டிக்கொண்டு கியரைப் போடுவார். அவர் மட்டுமல்ல, அந்த ஷெட்டில் எல்லா டிரைவர்களுக்கும் அதுதான் வழக்கம். நின்ற வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவர்களுக்கு வேறு வழி தெரியாது. எனக்கும் அது போதும் என்றுதான் பட்டிருந்தது.

ஒரு நாள் பாய் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மேஸ்திரி, இழுவையே இல்ல. கருப்புப் புகையா கக்குது. மேடு ஏறையில மூச்சு முட்டுற மாதிரி திணறுது."

மூச்சு முட்டுகிறது என்று மனிதர் அன்றே சொல்லிவிட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருப்புப் புகை என்றதும் டீசல் பக்கம் போய்விட்டது புத்தி. பில்ட்டரை மாற்றினேன். நாசில்களைக் கழற்றிப் பார்த்தேன். பம்ப்பையே இறக்கிச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் போயிற்று. பம்ப்பில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே திணறல். ஷெட்டு மேனேஜர் மணிக்கு ஒரு தடவை போன் செய்கிறார். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அப்படிச் சுற்றும்போதுதான் பின்னால் புகைக்குழாய் வாயில் யதேச்சையாகக் கையை நீட்டினேன். அந்த இஞ்சின் துப்ப வேண்டிய காற்றில் பாதிகூட இல்லை.

கீழே படுத்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பிரேக் தட்டு பாதி மூடிய நிலையில் இறுகி நின்றது. நெம்புகோலை இழுத்தால் அசையவில்லை. தட்டு திரும்புகிற தண்டைச் சுற்றிக் கரி கட்டிக் கல்லாகியிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது அந்தக் கரி பளபளத்தது. அது வெறும் புகைக்கரி இல்லை, வெந்த எண்ணெய். மாதம் தவறாமல் அந்தத் தண்டில் இஞ்சின் ஆயில் விட்டவன் நான்தான். சிக்கக் கூடாதே என்று விட்டேன். பராமரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். வண்டி இரண்டு நாளாகத் திணறியது என் அக்கறையால்.

கரியைச் சுரண்டித் தட்டை விடுவித்துவிட்டேன். ஆனால் சிலிண்டர் தண்டையும் நெம்புகோலையும் இணைக்கிற ஆணியும் (பின் என்போம்) அதைத் தாங்குகிற புஷ் வளையமும் தேய்ந்து ஆடின. புதிதாகச் செய்ய வேண்டும். லேத்துக்காரரிடம் போனால் அன்று ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. கரண்ட் இல்லாமல் இரும்பை அளவாக ராவிக் கொடுக்கக்கூடியவர்கள் நம் ஊரில் யார்? பூட்டுக்காரர்கள்தான். நாகல் நகரில் வீட்டிலேயே பூட்டு செய்கிற ஓர் அக்கா இருப்பதாகச் சொன்னார்கள். அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. பெயரைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை வருத்தம் அது.

தரையில் உட்கார்ந்து, கால்விரலால் ஒரு சின்ன இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் கீறி முகர்ந்தாள்.

"எண்ணெய் விட்டீங்களாண்ணே?"

"மாசாமாசம் விடுவேன்."

"அதான் இம்புட்டு இறுகிருக்கு. பூட்டுக்கு எண்ணெய் விடுறவுகதேன் எனக்குச் சோறு போடுறவுக. எண்ணெயில தூசி ஒட்டும், ஒட்டுன தூசி காயும், பூட்டு செத்துப்போகும். பூட்டுலயே இப்படின்னா, நீங்க நெருப்புக் குழாயில விட்டிருக்கீக."

"அப்ப என்ன விடுறது?"

"பென்சில் கரி. காய்ஞ்ச பொடி. அது எதுலயும் ஒட்டாது. நாளைக்கி வாங்க, பின்னோட பொட்டலம் கட்டித் தாரேன்."

இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு, லாரியில் ஏறியே பார்க்காத ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனாலும் அவள் சொன்னது சரி. உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில். எண்ணெயே விடாதீர்கள். கரியைச் சுரண்டுங்கள், காய்ந்த பொடி போடுங்கள், சமவெளியில் ஓடுகிற நாளிலும் தினம் நாலு தடவை அந்தத் தட்டை அசைத்துவிடும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். பதில் இத்துடன் முடிந்தது. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

பட்டறைக்குத் திரும்பினால் ஷெட்டிலிருந்து ஆள் வந்து நிற்கிறார். வடமதுரைக்கு ஒரு நடை அவசரம், வண்டி உடனே வேண்டும் என்கிறார். சமவெளி ஓட்டம். எக்ஸாஸ்ட் பிரேக் தேவையே இல்லை. நம் தொழிலில் இதற்கு ஒரு கைவழக்கம் உண்டு, நீங்களும் செய்திருப்பீர்கள். சிலிண்டர் தண்டை நெம்புகோலிலிருந்து கழற்றிவிட்டு, தட்டு திறந்தே இருக்கும்படி நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவது. புகை தாராளமாகப் போகும், வண்டி பறக்கும். புதுப் பின் வந்ததும் கம்பியை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு நாள்தானே. கட்டினேன்.

சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாயையும் கழற்றி அடைத்துவிட வேண்டும், அதுதான் முறை. கையில் அடைப்பான் இல்லை. தேடினால் கிடைத்திருக்கும். தேடலாம் என்று எழுந்தேன். அதற்குள் பாய் வண்டியில் ஏறி, பழக்கத்தில் பித்தானை மிதித்தார். சிலிண்டர் தண்டு வெறும் வெளியில் வந்துபோனது. 'புஸ்.'

"மேஸ்திரி, அந்தக் குழாயை அப்படியே விட்டுருங்க. சத்தம் வரலைன்னா எனக்கு வண்டி எடுக்க மனசு வராது."

"பாய், அது வெறும் சத்தம். கீழ கம்பி கட்டிருக்கேன். மலைக்குப் போயிராதீங்க."

"நான் ஏன் போறேன். வடமதுரை போயிட்டு நாளைக்கிக் கொண்டாந்து விடுறேன்."

சிரித்தேன். மனிதரின் ஆசைக்காக அந்தச் சத்தத்தை விட்டுவைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நல்ல மெக்கானிக் டிரைவரின் மனசையும் பார்ப்பான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும், பின்னை வாங்க நாகல் நகர் போனேன். பின்னும் புஷ்ஷும் தயார். அளவு அப்படி ஒரு அளவு. பென்சில் கரியைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். அந்த நேரம் அவள் புதிதாக முடித்த பூட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பாமல் நின்று பார்த்தேன். வளையத்தை அழுத்துவாள், 'க்ளிக்' கேட்கும், பிறகு இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இழுப்பாள். நிற்கிற பூட்டு வலது பக்கம் போகும். ஒரு பூட்டில் 'க்ளிக்' சுத்தமாகக் கேட்டது. இழுத்ததும் வளையம் கையோடு வந்துவிட்டது. அதை இடது பக்கம் வீசினாள்.

"சத்தம் நல்லாத்தானே வந்துச்சு" என்றேன்.

"சத்தம் வந்தா? சத்தத்தை நம்பித்தேன் வாங்குறவுக பூட்டிட்டுப் போவாக. வீடு தெறந்தே கெடக்கும். சத்தமே வராத பூட்டா இருந்தாக்கூட, சரியில்லைன்னு தெரிஞ்சு வேற பூட்டாவது போடுவாக."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த பூட்டை எடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. காதர் பாயின் குதிகால் கண்ணுக்குள் வந்தது. பாய்க்குக் கம்பியைப் பற்றித் தெரியும். பாய் இல்லாமல் வேறொருவர் அந்த வண்டியை எடுத்தால்? அவரும் பித்தானை மிதிப்பார். 'புஸ்' கேட்கும். தலையை ஆட்டுவார்.

அப்படி நடக்க வழியே இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆனால் கால் நடக்கவில்லை, ஓடியது. முக்கில் இருந்த டெலிபோன் பூத்தில் இருந்து ஷெட்டுக்குப் போன் செய்தேன்.

"காதர் பாயா? அவரு மாமியா மௌத்தாயிட்டாகன்னு விடியக்காலையே வத்தலக்குண்டு போயிட்டாருண்ணே" என்றார் மேனேஜர்.

"வண்டி?"

"வண்டி ஓடாம இருக்குமா. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்காரு. பழனிச்சாமின்னு. சிறுமலைக்கி, வாழைத்தார் லோடு. கவலப்படாதீங்க, மலையில பழகுன கை."

மலையில் பழகிய கை என்று அவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அதுதான் பயம். மலை தெரியாதவர் எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பமாட்டார், பயந்து பயந்து முதல் கியரில் உருட்டிக்கொண்டு வருவார். மலை தெரிந்தவர் அதை நம்பித்தான் கியரைத் தேர்ந்தெடுப்பார். முழு லோடுடன் மூன்றாவது கியரில் இறக்குவார். சிறுமலையில் அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. லோடுக்கு மேலே ஏற்றி இறக்கும் கூலிக்காரர்கள் உட்கார்ந்து வருவது வழக்கம், அதுவும் எனக்குத் தெரியும்.

மலை மேல் ஒரு கடையில் போன் இருந்தது. இரண்டு தடவை முயன்றேன், மணியே போகவில்லை. லைன் சரியாகும்வரை காத்திருப்பதா, கிளம்புவதா? காத்திருந்து கிடைத்துவிட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் அந்த நேரம் போனது போனதுதான். பட்டறைக்குப் போய்ச் சாமான்களையும் ஆளையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் யோசித்தேன். அதற்கு அரை மணி நேரமாகும். சட்டைப்பையில் பின்னும் பொட்டலமும் இருந்தன. மோட்டார் சைக்கிள் பெட்டியில் இரண்டு ஸ்பேனரும் ஒரு குறடும் கிடந்தன. பூத்துக்காரரிடம் நம்பரைக் கொடுத்து, அடித்துக்கொண்டே இருங்கள், கிடைத்தால் வாழைத்தார் வண்டியை இறங்கவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கிளம்பிவிட்டேன்.

நத்தம் ரோடு முழுக்க நான் எதையும் பார்க்கவில்லை. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் செக்போஸ்டில் நிறுத்திக் கேட்டேன்.

"வாழைத்தார் வண்டி எறங்கிருச்சா?"

"இன்னும் எறங்கலையே" என்றார் காவல்காரர்.

அந்த இன்னும் இறங்கவில்லை என்ற வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது? மேலேயே லோடு ஏற்றிக்கொண்டிருக்கலாம். நடுவில் எங்காவது பள்ளத்தில் கிடக்கலாம். ஏறினேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவர் முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், பிறகுதான் ரோட்டைப் பார்த்தேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்கு வேண்டிக்கொள்கிறேன் என்று கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பழனிச்சாமியின் முகமே எனக்குத் தெரியாது.

பத்தாவது வளைவைத் தாண்டியதும் வாடை வந்தது. பிரேக் லைனர் கருகுகிற வாடை. அதைத் தெரியாத மெக்கானிக் இல்லை. பதினொன்றாவது வளைவில் திரும்பினேன்.

லாரி நின்றுகொண்டிருந்தது. மூக்கை மலைச்சுவர் பக்கம் ஒடித்து, அசையாமல் நின்றது. எல்லாச் சக்கரத்துக்கும் முன்னால் கல். பிரேக் டிரம்களில் இருந்து மெல்லிய புகை. ரோட்டோரத்தில் கூலிக்காரர்கள், மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பெண் குடத்தில் தண்ணீரோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க, ஒல்லியான ஓர் ஆள், பழனிச்சாமியாகத்தான் இருக்க வேண்டும், அவளைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தீராதீங்க மூக்கம்மா. காஞ்ச டிரம்மு வெடிச்சுப்போயிருமுங்க. தானா ஆறோணும்."

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே நின்றேன். அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. அவர் என் கிரீஸ் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் கம்பியக் கட்டுன ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஷெட்டில் கட்டியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். காதர் பாய் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு வகையில் உண்மைதான், ஆனால் மாமியார் இறந்த வீட்டுக்கு ஓடிய மனிதர் அவர். இரண்டும் என் வாய்வரை வந்தன.

"நாந்தான்" என்றேன். "குழாயை அடைக்காம விட்டதும் நாந்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மேல எடுக்கையில பித்தானை மிதிச்சேனுங்க. புஸ்ஸுன்னுச்சு. சரின்னு மூணாவதுல எறக்குனேன். பதினேழாவது வளைவு வாறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சுங்க. சத்தம் வருது, இஞ்சின் உறும மாட்டேங்குது. வண்டி பாட்டுக்கு ஓடுது. கால் பிரேக்கிலேயே ஏறி நின்னு நிறுத்திப்போட்டு, கீழ பூந்து பாத்தா கம்பி. இவங்களையெல்லாம் எறங்கச் சொன்னேன். அங்கிருந்து முதல் கியர்ல உருட்டி உருட்டி வாறோமுங்க. அவிய கல்லத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வாறாங்க. நான் நிறுத்துனா கல்லப் போடுவாங்க."

"எறங்க மாட்டேன்னுதேன் சண்ட போட்டேன்" என்றாள் மூக்கம்மா. "பெறகு கீழ எட்டிப் பாத்தேன். பேசாம கல்ல எடுத்துக்கிட்டேன்."

பழனிச்சாமி ஒரு நொடி தாமதமாகக் காது கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. நினைக்க விடாமல் வேலை இருந்தது. அந்த நினைப்பு பிறகு, வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வந்தது. இப்போதும் வருகிறது.

குழாய் ஆறுகிறவரை காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்ததில்லை. பழனிச்சாமி ஒரு மலைவாழைப்பழத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், இறங்கவில்லை. பிறகு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கீழே படுத்தேன். கம்பியை வெட்டினேன். தட்டுத் தண்டின் இரண்டு பக்கமும் பென்சில் கரி போட்டு நெம்புகோலை ஐம்பது தடவையாவது அசைத்திருப்பேன். புஷ்ஷைப் போட்டேன், பின்னை மாட்டினேன். அந்த அக்காவின் அளவு மயிரிழை தப்பவில்லை. பழனிச்சாமியை மேலே ஏறி மிதிக்கச் சொல்லி, கீழே இருந்து கண்ணால் பார்த்தேன். நெம்புகோல் கடைசிவரை போனது, கடைசிவரை திரும்பியது. இஞ்சினை ஓடவிட்டு மிதிக்கச் சொன்னேன். குழாய் அடைபட்டு உறுமல் கனத்தது.

வெளியே வந்து கையைத் துடைத்தேன். ஆறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். வெயில் உச்சியில் இருந்தது. ஆறு வளைவு தூரத்தைக் கல்லோடு நடந்து வந்தவர்கள். இன்னும் பதினொரு வளைவு பாக்கி.

"சரியாயிருச்சாண்ணே?" என்று கேட்டாள் மூக்கம்மா. "ஏறிக்கலாமா?"

தம்பிகளா, முப்பத்தைந்து வருஷ வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான். வேலை சரியாகத்தான் இருந்தது. பின் புதிது, தட்டு சுத்தம், கண்ணால் பார்த்திருக்கிறேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நேற்றும் இதே வாயால்தானே, ஒரே நாள்தான், ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கருகிய லைனரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நின்ற வண்டியில் உறுமியது, லோடோடு ஓடும்போது பிடிக்குமா என்றும் தெரியாது.

"வேண்டாம்மா" என்றேன். "எட்டாவது வளைவு வரைக்கும் நடந்தே வாங்க. நான் மொதல்ல இவரோட போறேன். அது வரைக்கும் பிடிச்சுச்சுன்னா ஏறிக்கங்க."

"நீங்க செஞ்ச வேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையாக்கும்" என்றாள்.

"இல்லம்மா."

பழனிச்சாமி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, போலாம்" என்றார். மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். நான் கம்பி கட்டாமல் இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் வந்திருக்கவே செய்யாத பயத்தோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பித்தானை மிதிக்கும்போதெல்லாம் என் இரண்டு பாதமும் தானாகத் தரையை அழுத்தின. பதினொன்று, பத்து, ஒன்பது. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கியது. கால் பிரேக்கை அவர் அதிகம் தொடவே இல்லை. எட்டாவது வளைவில் நிறுத்தினோம். நான் குதித்து இறங்கி டிரம்மின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சூடு ஏறவில்லை.

அவர்கள் வந்துசேர நேரமாயிற்று. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிவிட்டார்கள். எல்லோரும் கல்லைக் கீழே போட்டார்கள், மூக்கம்மா மட்டும் போடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே லோடு மேல் உட்கார்ந்தாள். வாழைத்தாருக்கு நடுவே கல் எதற்கு என்று ஒருத்தி கேலி செய்தபோதும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடிவாரம் செக்போஸ்டில் வண்டி நின்றதும் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கல்லை இரண்டு கையாலும் என் கையில் வைத்தாள்.

"அம்புட்டுத் தூரமும் இதை நம்பித்தேன் வந்தேன், உங்க பிரேக்க நம்பி இல்ல. இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. கொடுத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மலைக்குப் போகிற எந்த வண்டியில் பிரேக் வேலை செய்தாலும் முதல் இறக்கத்தில் நான் பக்கத்தில் உட்காராமல் விட்டதில்லை. ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். கம்பி கட்டுவதை நிறுத்தவில்லை, நம் தொழிலில் நிறுத்தவும் முடியாது. ஆனால் கட்டினால் காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்துவிடுவேன். மிதித்தால் ஒன்றுமே கேட்கக்கூடாது. காதர் பாய் மட்டும் கடைசிவரை என்மேல் குறைப்பட்டுக்கொண்டார். "சத்தத்தையாவது விட்டு வச்சிருக்கலாம்ல மேஸ்திரி" என்பார். நடந்ததை அவரிடம் நான் முழுசாகச் சொல்லவே இல்லை. சொன்னால் தன் மேல் போட்டுக்கொள்வார்.

பட்டறை மேஜை மேல் ஒரு கருங்கல் கிடக்கிறது, நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். காற்றில் வேலைச்சீட்டு பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று உங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது பொய்.